இனி எட்டரைதான்

எங்கள் பாதையில் எட்டரை என்றால் அது மணி அல்ல, வண்டி. அது காலை ஒன்பது ஐந்துக்குப் புறப்படும். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டது இரண்டு முறை ஆகிவிட்டது.

பாதை திறந்த நாளிலிருந்து முப்பத்தொரு வருடம் அந்த வண்டி எட்டரைக்குத்தான் சந்திப்பிலிருந்து கிளம்பியது. பிறகு பெரிய பாதையின் விரைவு வண்டிக்கு நேரம் மாற்றினார்கள். அதில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொள்ள எங்கள் வண்டி முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அட்டவணையில் 9.05 என்று அச்சடித்து ஒட்டினார்கள், பலகையில் வண்ணத்தால் எழுதினார்கள். ஆட்களின் வாயில் மட்டும் அது மாறவே இல்லை. எங்கள் வண்டியின் கார்டுக்கு ஊதல் என்று பட்டப்பெயர். விசில் வாயில் இல்லாதபோதும் அவர் குரல் அப்படித்தான் இருக்கும். நேரத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிற பயணிகளிடம் அவர் சொல்வார்: "எட்டரை என்னைக்குமே லேட்டு இல்லைங்க. கடிகாரம்தான் அவசரப்பட்டு முந்திப் போச்சு."

நான் சந்திப்பு நிலையத்தில் தலைமை எழுத்தர். பாதையை மூடுவது என்று முடிவான வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசி வண்டி ஓடும் நாளில் பயணிகளுக்குக் கொடுப்பதற்காகப் பாதையின் வரலாற்றைப் பதினாறு பக்கத்தில் எழுதித் தர வேண்டும், தங்கள் கடிதங்களின் தெளிவு இங்கு யாவரும் அறிந்ததே என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய கோப்புகளும் வந்தன.

அந்தப் பாராட்டில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. கூரை ஒழுகினால் கடிதம், தராசு ஒட்டிக்கொண்டால் கடிதம், கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் என்று முப்பத்தாறு வருடம் எழுதியவன் நான். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, தேதி உண்டு, கார்பன் நகல் உண்டு. ஆகவே இதையும் அப்படியே தொடங்கினேன். நாற்பத்தொரு கிலோமீட்டர், ஆறு நிலையம், ஒன்பது கேட். சுண்ணாம்புக்கல் ஏற்றப் போட்ட பாதை. பத்தொன்பதாம் வருடம் கல் தீர்ந்துபோனது, அதற்குள் பாதையோரம் ஆட்கள் குடிவந்துவிட்டதால் வண்டி நிற்கவில்லை. இரண்டாம் நிலையத்தைக் கட்டியவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கட்டிவிட்டார். டிக்கெட் ஜன்னல் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும். எழுபத்தெட்டு வருடமாக ஜனங்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி ஓடி வண்டி ஏறினார்கள். இதையெல்லாம் எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஏழாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்தாள்.

அவள் மூன்றாம் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். வேலை நேரத்தில் அவள் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. கவுண்ட்டர் ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்காராமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, நீ வரலாறு எழுதுறியாமே."

"உனக்கு யார் சொன்னா?"

"ஊதல்தான். அவர் காதுல விழுந்தா ஆறு ஸ்டேஷனுக்கும் விழுந்த மாதிரிதானே." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அதுல அந்த வருஷம் வருமா?"

"எல்லா வருஷமும் வரும்."

"வரட்டும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடு. உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன். இருபத்திரண்டு வருஷத்துல ஜனங்க இப்பதான் கொஞ்சம் மறந்திருக்காங்க. அதைப் போயி அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்துடாதே."

நான் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தேன்.

"கவனக்குறைவுன்னு ஒத்தை வார்த்தையில எழுதிட்டுப் போயிட்டாங்க," என்றாள். "அந்த மனுஷன் சட்டை பட்டனைப் போட்டுட்டு ரெண்டாவது தடவை தொட்டுப் பார்ப்பாரு. கதவைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயி, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாரு. அவரா கவனக்குறைவு? நீயே சொல்லு."

"பார்க்கிறேன்மா," என்றேன்.

"பார்க்கிறேன்னு சொன்னா நீ செய்வே. எனக்குத் தெரியும்." நாலரை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அந்த மனுஷன் என்று அவள் சொன்னது தன் கணவரை, என் மாப்பிள்ளையை. முன்பு நான்காம் கேட்டில் கேட்கீப்பராக இருந்தார். வேலை போனபிறகு மூன்றாம் நிலையத்தருகே உள்ள அச்சகத்தில் தாள் மடிக்கிறார். மடித்த விளிம்பை ஒரு மரத்துண்டால் அழுத்தித் தேய்ப்பார், அடுத்த தாளை எடுப்பார். பேச்சு குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுப்பார்.

தங்கச்சி போனதும் பெட்டியில் அந்த வருடத்துக் கோப்பைத் தேடினேன். கீழேதான் இருந்தது. விசாரணை நடந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. ஆகவே அதற்குள் என்ன இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கடிதம் எழுதவும் இல்லை. எதற்கெல்லாமோ எழுதியவன்தான்.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

அந்த வருடம் மழையில் முதல் நிலையத்தை ஒட்டி ஒரு சிறிய பாலம் அரித்துப்போயிற்று. பழுது பார்க்கிற வரை அட்டவணையை நிறுத்திவைத்தார்கள். எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பதைச் சந்திப்பிலிருந்து தொலைபேசியில் சொன்னால்தான் கேட்டுகளுக்குத் தெரியும். மாப்பிள்ளை பெரிய பாதையிலிருந்து மாற்றலாகி நான்காம் கேட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பெரிய பாதையில் வண்டிகளை எண் சொல்லித்தான் அழைப்பார்கள்.

அன்று காலை நிலைய அதிகாரி பாலத்தைப் பார்க்கப் போயிருந்தார். கேட்டுகளோடு பேச வேண்டியது அவர் மட்டும்தான், எழுத்தர்கள் அந்தத் தொலைபேசியைத் தொடக் கூடாது. அது அடித்தது. நான் எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பது. கம்பியில் ஒரே இரைச்சல்.

"நாலாம் கேட். இப்ப ஏதாவது வண்டி இருக்குங்களா?"

"இனி எட்டரைதான்," என்றேன்.

"எட்டரைதானே? அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை."

"சரிங்க."

அவ்வளவுதான். நான் சொன்னது ஒன்பது ஐந்து வண்டியை. எட்டு ஐம்பதுக்கு ஒரு புது ஆளிடம் இனி எட்டரைதான் என்று சொன்னால் அவர் என்னவென்று நினைப்பார்? காலை வண்டி ரத்து, இனி இரவு எட்டரைக்குத்தான் வண்டி என்றுதான் நினைப்பார். அப்படியே நினைத்தார். கேட்டைத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு, பின்பக்கம் அறுந்து கிடந்த சிக்னல் கம்பியைச் சரிசெய்யப் போனார்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு நிலைய அதிகாரி திரும்பி வந்தார். சேறு அப்பிய செருப்பை வாசலில் தட்டிக்கொண்டே கேட்டார்: "நாலாம் கேட்டுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு சார்."

ஆகவே அவர் மறுபடி கூப்பிடவில்லை. வண்டி ஒன்பது ஐந்துக்குக் கிளம்பியது. ஒன்பது இருபத்திரண்டுக்கு நான்காம் கேட்டில் ஒரு தையல்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தாள். கேரியரில் இரண்டு மூட்டை, பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சீருடைகள். திறந்த கேட்டை நம்பி வந்தவள். அவளுக்கு முப்பத்துநான்கு வயது.

நாங்கள் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது நீலத் துணிகள் இரண்டு பக்கச் சரளையிலும் சிதறிக் கிடந்தன. மாப்பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உதறி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் தடுக்கவில்லை.

அன்று மாலை நிலைய அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "போன்ல பேசினது நான்தான்னு எழுதிக்கறேன். ஒன்பது அஞ்சுக்கு வண்டின்னு சொன்னேன்னு எழுதிக்கறேன். நீ போனை எடுத்தேன்னு வெளியே வந்தா உன் வேலையும் போகும், உன்னை விட்டுட்டுப் போன என் வேலையும் போகும். உன் தங்கச்சி குடும்பத்தையும் சேர்த்து யார் பார்க்கிறது? கொஞ்சம் யோசி."

யோசித்தேன். யோசிக்கிறேன் என்கிற பெயரில் வாயை மூடிக்கொண்டேன். அவர் இறந்தே பத்து வருடம் ஆகிறது.

இத்தனை வருடமும் ஒரு நினைப்புதான் எனக்குக் கைப்பிடியாக இருந்தது. கம்பியில் அவ்வளவு இரைச்சல், நான்கே வார்த்தை பேசினேன், மாப்பிள்ளைக்கு என் குரல் அடையாளம் தெரிந்திருக்காது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாதாரணமாக உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போடும்போதெல்லாம், தெரியாது, தெரிந்திருந்தால் வருவாரா என்று நினைத்துக்கொள்வேன்.

கோப்பில் அவருடைய வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

கேள்வி: நிலையத்திலிருந்து என்ன சொன்னார்கள்?

பதில்: சரியாகத்தான் சொன்னார்கள். என் காதில்தான் தவறாக விழுந்தது.

கேள்வி: பேசியவர் யார்?

பதில்: நிலைய அதிகாரி.

கேள்வி: குரல் அடையாளம் தெரியுமா?

பதில்: நன்றாகத் தெரியும். நிலைய அதிகாரியின் குரல்தான்.

கீழே அவர் கையெழுத்து இருந்தது. நிலைய அதிகாரியோடு அவர் அதற்கு முன் பேசியதுகூட இல்லை, வேலையில் சேர்ந்த அன்று ஒரு வணக்கம் வைத்ததோடு சரி. எங்கள் வீட்டிலோ அப்போதே இரண்டு வருடமாக அவர் மாப்பிள்ளை.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அச்சகத்துக்குப் போனேன். உள்ளே மையும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை. மூலையில் உயரமான மேசைக்குப் பின்னால் அவர் நின்றபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். இந்நேரத்துல?"

"மாப்பிள்ளை, கோப்பு பார்த்தேன்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு தாள், ஒரு தேய்ப்பு. ஒரு தாள், ஒரு தேய்ப்பு.

"என் குரல்னு தெரியுமா?"

"நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லும்போது 'ஒண்ணும்'ல ஒரு இழுப்பு இழுப்பீங்க. உங்க தங்கச்சியும் அப்படித்தான் இழுப்பா."

"அப்புறம் ஏன்..."

"அவளுக்கு அப்ப ஆறு மாசம், மச்சான். உங்களையும் சேர்த்து இழுத்துவிட்டா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சு போயிருக்கும். அதுவும் இல்லாம..." மரத்துண்டைக் கீழே வைத்தார். "காலையா ராத்திரியான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. அந்தம்மா கேட்டு தொறந்திருக்குன்னுதான் வந்தாங்க. தொறந்தது என் கைதானே."

"இல்லை. நான் எழுதப்போறேன்," என்றேன். "நடந்ததை வரலாற்றுல எழுதிடுறேன். நான்தான் சொன்னேன்னு, என்ன சொன்னேன்னு எழுதிடுறேன்."

நீண்ட நேரம் அடுக்கை நேராகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத் தெரிய வரும்."

"வரட்டும்."

"அப்ப எழுதுங்க. ஆனா எழுதுறதுன்னா உள்ளபடி எழுதுங்க மச்சான். பாதி எழுதாதீங்க. பாதியை நான் தாங்கமாட்டேன்." இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

எட்டாம் பக்கத்தை அன்று மாலையே எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: 'அன்று காலை 8.50 மணிக்கு நான்காம் கேட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். நிலைய அதிகாரி இல்லை. எழுத்தராகிய நான் எடுத்தேன். இனி எட்டரைதான் என்று சொன்னேன். அவர் அதன்படி கேட்டைத் திறந்து வைத்தார். சீருடை தைத்துக் கொண்டுவந்த ஒரு பெண் வண்டியில் அடிபட்டு இறந்தார். இதற்குக் காரணம் கேட்கீப்பர் அல்லர். என் சொல்லே காரணம்.'

மூன்று முறை படித்துப் பார்த்தேன். எங்கள் பாதையில் யார் படித்தாலும் எட்டரை என்ற இடத்திலேயே நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. கார்பன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, பதினாறு பக்கத்தைப் பதிவுத் தபாலிலும், கோப்புப் பெட்டியைப் பார்சலிலும் அனுப்பினேன். நேரம் குறைவு, அச்சுத் திருத்தம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

கடைசி நாளன்று காலை எட்டே காலுக்குக் கட்டுகள் வந்து இறங்கின. முந்நூறு பிரதி. வெள்ளை அட்டையில் எங்கள் எஞ்சினின் படம். பிளாட்பாரத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எப்போதும் டிக்கெட் எடுக்காத ஆட்கள்கூட அன்று ஜன்னலில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார்கள். "இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் குடுங்க," என்று ஒருவர் கேட்க, ஊதல், "அதுக்கு எஞ்சினையே எழுதிக் குடுக்கணும், நகருங்க," என்றார்.

நான் எட்டாம் பக்கத்தைப் பிரித்தேன்.

'இனி 9.05தான் என்று சொன்னேன்' என்று இருந்தது. அடுத்த வரி: 'எனினும் கேட்கீப்பரின் கவனக்குறைவால் கேட் திறந்து வைக்கப்பட்டது.' கடைசி வரி இல்லை.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். வெளியீட்டுப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி எடுத்தார். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார்.

"சார், அருமையா எழுதியிருந்தீங்க! ஒரே ஒரு பிழைதான், எல்லா இடத்துலயும் இருந்துச்சு. ஒன்பது அஞ்சு வண்டியை எட்டரை எட்டரைன்னு எழுதிட்டீங்க. அட்டவணையை வச்சுப் பார்த்து பதினாலு இடத்துலயும் திருத்திட்டேன்."

"எட்டாம் பக்கம்..." என்றேன்.

"ஆமா சார். நீங்க ஒன்பது அஞ்சுன்னு சரியா சொல்லிட்டு, உங்களையே குறை சொல்லி ஒரு வரி எழுதியிருந்தீங்க. பொருந்தவே இல்லை. கோப்பைப் பார்த்தேன், அதுல கேட்கீப்பர்தான்னு தெளிவா இருக்கு. அதனால கோப்புல இருக்கிறதைப் போட்டுட்டு உங்க வரியை எடுத்துட்டேன். ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு."

அவர் மேல் என்ன தப்பு? பதினாறு பக்கத்தில் ஓர் இடத்திலாவது எட்டரை என்றால் என்னவென்று நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் பாதைக்குப் புதியவரான ஒருவரிடம், அதே சொல்லை, அதே மாதிரி சொல்லிவிட்டு, சொல்லியாச்சு என்று இருந்துவிட்டேன்.

ரிசீவரை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். 9.05-ஐ அடித்து மேலே எட்டரை, அடுத்த வரியை அடித்து ஓரத்தில் என் வரி. ஒன்று முடித்து அடுத்தது. கைகள் ஜன்னல் வழியாக நீண்டு கட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தன. "சார், எனக்கு ஒண்ணு." "சார், கையெழுத்தா போட்டுக் குடுக்கிறீங்க? அப்ப எனக்கும்." "இருங்க, திருத்திட்டுத் தர்றேன்," என்றேன். யாரும் இருக்கவில்லை. நாற்பத்தாறு பிரதிதான் திருத்த முடிந்தது. மற்றவை அப்படியே போய்விட்டன.

நாற்பத்தேழாவதை எடுத்தபோதுதான் பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். அச்சிட்ட அச்சகத்தின் பெயர். தலைமை அலுவலகத்தில் அச்சடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவசரத்துக்கு இங்கேயே கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நிலையத்து அச்சகம். அங்கே தாள் மடிக்கிறவர் ஒருவர்தான்.

கார்பன் நகல் இருந்த கோப்பை இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். வழி நெடுகப் பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. நான்காம் கேட்டில் இப்போதைய கேட்கீப்பர் இரண்டு கொடியையும் சேர்த்துப் பிடித்து ஆட்டினார். கேட் மூடியிருந்தது. நான் பார்க்காமல் இருக்க முயன்றேன், பார்த்தேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாப்பிள்ளை முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசி வண்டியைப் பார்க்கத் தெருவே போயிருந்தது, இவர்கள் போகவில்லை. தங்கச்சியின் கை ஈரமாக இருந்தது. அந்தக் கையில் எட்டாக மடித்து நசுங்கிய ஒரு பிரதி.

"வா அண்ணா," என்றாள். "துவைக்கச் சட்டையை எடுத்தேன். பையில இருந்துச்சு. முந்தாநாள்ல இருந்து வச்சிருக்காரு, என்கிட்ட காட்டலை." அதை என் முன்னால் நீட்டினாள். "ஒரு வரியை விடச் சொன்னேன். நீ அதையும் போட்டு, நான்தான் சரியா சொன்னேன்னு சாட்சியும் சேர்த்திருக்கே. நல்லா இருக்கு அண்ணா. உனக்கு எழுத வரும்னு எல்லாருக்கும் தெரியும்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "முந்நூறும் நீங்கதான் மடிச்சீங்களா?"

"ஆமா."

"எட்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"மடிப்பே அங்கதானே விழும்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை? நிறுத்தியிருக்கலாமே."

"நீங்க எழுதினதை மடிக்கிறதுதானே மச்சான் என் வேலை," என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் எப்போதும் பேசுகிற குரல்தான்.

நான் கோப்பைத் திறந்து கார்பன் நகலை எடுத்து நீட்டினேன். அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், அச்சைப் படிப்பார், கார்பனின் நீல எழுத்து தெரியாது. தங்கச்சி வாங்கினாள். சத்தமாகவே படிக்கத் தொடங்கினாள், என்னைக் குற்றம் சொல்வதற்காக. "அன்று காலை 8.50 மணிக்கு... எழுத்தராகிய நான் எடுத்தேன்... இனி எட்டரைதான்..."

அங்கே நின்றுவிட்டாள். அவளும் இந்தப் பாதையில் பிறந்தவள். மறுபடி முதல் வரிக்குப் போய் மணியைப் பார்த்தாள். பிறகு மீதியைச் சத்தமில்லாமல் படித்தாள்.

"அவர் வந்து எத்தனை நாள் அப்ப?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"ஒன்பது," என்றேன்.

அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளை அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மச்சான் உள்ளபடிதான் எழுதியிருக்கார் போல," என்றார் மெல்ல. அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "நான்தான் வேற மாதிரி நினைச்சுட்டேன். ரெண்டு நாளா. போகட்டும். அச்சுல வராட்டி என்ன, கார்பன்ல இருக்குல்ல."

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள் தங்கச்சி. "மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கோம். ரெண்டு பேருக்குத் தெரியும். நான் பரிமாறியிருக்கேன்."

வெளியே வண்டி ஊதியது. மாலை மரியாதையெல்லாம் முடிந்து மூன்றாம் நிலையத்தை விட்டுக் கிளம்புகிற சத்தம். அது தேய்ந்து முடிகிற வரை மூவரும் அப்படியே இருந்தோம். அவள் கார்பன் தாளை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

நகலை யாரிடமும் விட்டுவிட்டு வந்ததில்லை நான். சரி என்று தலையாட்டினேன். எழுந்தேன். மாப்பிள்ளை வாசல் வரை வந்தார். தங்கச்சி இருந்த இடத்திலேயே நின்று சொன்னாள்:

"போயிட்டு வாங்க."

பிறந்ததிலிருந்து அவள் என்னை வாங்க, போங்க என்று சொன்னதில்லை. சண்டையில்கூட நீதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன், திருத்திக்கொள்வாள் என்று. உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் போக வண்டி இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு நிலையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கையில் ஒரு துணிப்பையோடு ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார், அறிவிப்பு எதையும் பார்க்காத ஆள் போலிருந்தது.

"சார், எட்டரை போயிடுச்சா?"

"காலையில ஒன்பது அஞ்சுக்குச் சந்திப்புல கிளம்புற வண்டி போயிடுச்சுங்க," என்றேன். "இனிமே இந்தப் பாதையில வண்டியே கிடையாது. இன்னைக்குக் கிடையாது. ராத்திரியும் கிடையாது. நாளைக்குக் காலையிலயும் கிடையாது. நான் சொன்னது புரிஞ்சுதுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டரை போச்சான்னுதானே கேட்டேன்," என்று முணுமுணுத்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போனார். தாண்டுவதற்கு முன் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.